ஞானத்தகப்பனுக்கு வந்த சோதனை

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.

நோர்வே தேசத்துப் பனியையும் ஒரு பச்சைப்பிள்ளையையும் ஒருங்கே ஆண்டுவரும் என் அக்கா மகள், அருமை மருமகள் நிலுஷாவுக்கு,

மெல்ரோய் மாமா துறைமுகக் காற்றைச் சாட்சி வைத்து எழுதுவது. இங்கே நான், உன் மாமி, என் இரத்த அழுத்தம் மூவரும் சுகம். நீங்களும் சுகமாயிருக்க வானத்திலுள்ள சகல சம்மனசுகளையும் மன்றாடியிருக்கிறேன். லீவிலே நின்றவர்களையும் விடவில்லை.

முதலில் நன்றி, பிள்ளை. அடுத்த மாதம் இங்கே வந்து ஞானஸ்நானம் கொடுக்கும்போது உன் மகனுக்கு நானே ஞானத்தகப்பன் என்று நீ அறிவித்ததும் ஊரில் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். அதில் ஒருத்தி உன் மாமி. என்னைப் பெற்ற தாயே என் கையில் ஒரு முட்டையை நம்பிக் கொடுத்ததில்லை. நீ பிள்ளையைக் கொடுக்கிறாய். இதற்காக நான் அழவில்லை. கண்ணில் கடல் உப்புப் பட்டது, அவ்வளவுதான்.

ஆனால் புதிதாக வந்த பங்குச் சுவாமியார் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். ஞானத்தகப்பனாக நிற்பவர் வேதத்தில் வரும் நாலு சொல்லுக்காவது பொருள் தெரிந்து நிற்கவேண்டுமாம். ஐம்பது வருசமாக நான் 'ஆமேன்' என்றால் 'இனி எழும்பலாம்' என்றும், 'ஓசன்னா' என்றால் 'வாழ்க, வாழ்க' என்றும் நினைத்திருந்தவன். ஆகவே அலுமாரியைக் குடைந்து, உன் மாமி மெதடிஸ்த வீட்டிலிருந்து சீதனம்போலக் கொண்டுவந்த பழைய விளக்கப் புத்தகத்தை எடுத்து, மூன்று இரவும் மூன்று பகலும் சோறு தண்ணீரில்லாமல் (இடையில் ஒன்பது வேளை சாப்பிட்டதைத் தவிர) படித்தேன். 'ஆமேன்' என்றால் 'அப்படியே ஆகட்டும்' என்று நாம் போடும் கையெழுத்தாம். 'ஓசன்னா' என்றால் 'எங்களைக் காப்பாற்றும்' என்ற கூக்குரலாம். இத்தனை குருத்தோலை ஞாயிறுகளில் நான் சிரித்துக்கொண்டே உதவி கேட்டிருக்கிறேன்!

சுவாமியாருக்கு முன்னால் கதிரையில் இருந்து, 'கர்த்தருடைய கிருபை, இரட்சிப்பு' என்று முழங்கினேன். மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மெல்ரோய், அது மெதடிஸ்தக்காரர் சொல்லுறது. கத்தோலிக்கர் நாங்கள் 'ஆண்டவருடைய அருள், மீட்பு' எண்டு சொல்லுவம். நீர் பிள்ளையை எந்தக் கோயிலுக்குக் கொண்டு வாறீர்?"

"ரெண்டும் ஒரே பொருள்தானே, சுவாமி?"

"ஓம் ஓம், பொருள் சரி. அப்ப 'ஒப்புரவு' எண்டால் என்ன?"

நிலுஷா, அன்று நான் பேசிய பேச்சுக்குக் கந்தளாய்க் குளம் கரை உடைத்திருக்கும். பகைத்தவர்கள் மறுபடி உறவாவது என்றேன், பலிபீடத்தில் காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுச் சகோதரனிடம் போகச் சொன்ன வசனத்தை எடுத்து விட்டேன். சுவாமியார் தலையாட்டிக் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"உம்மட அத்தான் றொபேட்டோட கதைச்சு எவ்வளவு காலம்?"

"ஆறு வருசம், சுவாமி."

"அப்ப எழுத்துச் சோதனை பாஸ். செய்முறைச் சோதனை மிச்சம். அது முடியாமல் ஞானத்தகப்பனா நிக்க ஏலாது."

உன் அப்பாவும் நானும் ஏன் முறித்துக்கொண்டோம் என்பது உனக்குத் தெரியும். திருநாள் பவனியில் மாதா சுரூபத்தைத் தூக்கும் முன்காவுத் தடி யார் தோளுக்கு என்ற போட்டியில், நாங்கள் இருவரும் இழுத்த இழுவைக்குச் சந்தியிலே மாதா மூன்று முறை தன்னைத் தானே சுற்றினா. சனம் அற்புதமென்று முழந்தாளில் விழுந்தது. அன்றிலிருந்து பக்கத்துப் பக்கத்து வளவில் இருந்தும் பேச்சில்லை. அக்கா மட்டும் வேலிக்கு மேலால் மீன்குழம்பு கடத்தினா.

ஆகவே நேற்றுப் பின்னேரம் நான் புறப்பட்டேன். நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். துறைமுகத்திலே கப்பல்கள் சங்கு ஊதின. உன் அப்பாவின் கதவைத் தட்டி, "அத்தான், பிழை என்னிலைதான்" என்றேன். மனுசன் கட்டிப் பிடித்து அழுத அழுகையில் என் சேட்டைக் கழற்றிப் பிழிந்து இரண்டு வாளி நிரப்பினோம். இன்றைக்கு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். என்னை நீ தெரிந்தெடுத்ததே இதற்காகத்தான் என்று இப்போதுதான் விளங்குகிறது, கள்ளி. அதற்கும் சேர்த்து நன்றி.

உன் வீட்டில் பால் பொங்கி வழியட்டும், பிள்ளை இரவில் நித்திரை கொள்ளட்டும், மருமகன் பாத்திரம் கழுவட்டும். அப்படியே ஆகட்டும்.

உன் ஞானமுள்ள மாமா,
மெல்ரோய்

பி.கு: மாமி வாசித்துவிட்டு, உண்மையை எழுதாவிட்டால் முத்திரை ஒட்டமாட்டேன் என்கிறா. சரி. நான் கதவைத் தட்டவில்லை. உன் அப்பாவின் வாசல் கேற் வரைக்கும் போனேன், அங்கிருந்தே திரும்பி வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டேன். அத்தான்தான் பின்னால் ஓடிவந்து தோளைப் பிடித்தவர். "டேய், என்னட்டைத்தானே வந்தனீ?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன், பயந்து திரும்பிப் போனதைச் சொல்லவில்லை. அதை அவர் நம்பிவிட்டார். நீ வருவதற்குள் இந்தப் பாதிப் பொய்க்காக நான் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டும். உன் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.