'பிரேக் கட்டை' பெண் பார்க்கப் போனார்

கோணலாக இருக்கும் எதையும் பகவானே மன்னித்தாலும் எங்கள் 'பிரேக் கட்டை' மன்னிக்க மாட்டார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்களோடு வேலை பார்த்த ஃபிட்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

யார் சைக்கிளைக் கண்டாலும் பக்கத்தில் குந்திவிடுவார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ரிம்மைப் பார்ப்பார்.

"இன்னாபா இது, கட்டை டயரைத் தின்னுது! ரிம்ல நேரா ஒக்காரணும்பா!"

கேட்காமலே நட்டைத் தளர்த்தி, பிரேக்கின் ரப்பர் கட்டையை நூல் பிடித்தாற்போல வைத்து முடுக்குவார். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால் கீச்சென்று கத்தும். ஷிஃப்ட் விட்டு ரயில்வே கேட்டில் நாங்கள் மொத்தமாக பிரேக் போட்டால், கேட் கீப்பர் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். "கத்துதுன்னா நல்லா புட்ச்சிக்கினு கீதுன்னு அர்த்தம்" என்பார் கட்டை, பெருமையாக.

இந்த வியாதியாலேயே அவருக்குக் கல்யாணம் தள்ளிப்போனது. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் மாமனார் ஆக வேண்டியவரின் சைக்கிளைக் குடைந்து, வேட்டியெல்லாம் கிரீஸோடு வந்து நின்று, காரியம் கெட்டது. வயது முப்பத்தைந்தைத் தாண்டியதும் மனிதர் ஆடிப்போனார். அடுத்து வந்த இடம் திருவாலங்காடு.

"தோஸ்து, நீயும் கூட வா. நான் எழுந்தா இஸ்து குந்த வை. இதுவும் பூட்ச்சுன்னா எனக்கு அவ்ளோதான்" என்றார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். எனக்குப் பாவமாக இருந்தது.

அவர் ஸ்பானரைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டு, பெண் வீட்டில் ஜன்னலுக்கு முதுகு காட்டி அவரை உட்கார வைத்தேன். கேசரி வந்தது. நான் அதில் கொஞ்சம் மெய்மறந்துவிட்டேன். நிமிர்ந்தால் நாற்காலி காலி. வாசலில் ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. மாப்பிள்ளை கையில் இன்னொரு ஸ்பானர்! இடுப்பு மடிப்பில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார் பாவி.

"இன்னாயா, பொண்ணு பாக்க வந்தியா, சைக்கிள் கடை போட வந்தியா?" என்று பெண்ணின் அப்பா சீறினார்.

காப்பித் தட்டோடு வந்த பெண், தட்டை என் கையில் திணித்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். அவள் டீச்சர். தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போகும் சைக்கிள் அது.

"யாரு இதைக் கழட்டச் சொன்னது? வேணும்னுதான் சாச்சு வெச்சிருந்தேன்."

"சாச்சா? கட்டை நேராத்தாங்க இருக்கணும்."

"நேரா வெச்சா ஊரே எழுந்துக்கற மாதிரி கத்தும். நவுருங்க."

அடுப்படியிலிருந்து ஒரு தீக்குச்சி கொண்டுவந்தாள். கட்டையின் பின்நுனிக்கும் ரிம்முக்கும் நடுவே அதைச் செருகி, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "முடுக்குங்க" என்றாள். அவர் முடுக்கினார். அவள் குச்சியை உருவினாள். இப்போது முன்நுனி மட்டும்தான் முதலில் ரிம்மைத் தொட்டது. சைக்கிளை நிமிர்த்தி, ஏறி ஒரு சுற்று வந்து, அவர் காலருகே பிரேக் போட்டாள். சத்தமே இல்லை.

கட்டை ஆயுளில் முதல்முறையாக ஒரு கோணலை ஒப்புக்கொண்டார். அவள் அப்பாவிடம் திரும்பி, "சார், எனக்குச் சம்மதம்" என்றார். அப்பா மகளைப் பார்த்தார்.

"வேட்டியைத் தோச்சிக்கினு வரச் சொல்லு நைனா" என்றாள் அவள்.

கல்யாணத்துக்குப் பிறகு தொழிற்பேட்டை முழுக்கத் தீக்குச்சி வைத்தியம்தான். கேட் கீப்பர் பிழைத்தார். ஆனால் கட்டையின் சொந்த சைக்கிள் மட்டும் பழையபடி கத்திக்கொண்டிருந்தது. "உங்க வண்டியை ஏண்ணே வுட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "அது தெருமொனையில கத்துனாத்தாம்பா அவ சோறு போட்டு வெப்பா."

கட்டை போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. இன்றும் தெருவில் ஏதாவது சைக்கிள் கீச்சிட்டால், அவராக இருக்காது என்று தெரிந்தும், வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.