என் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போரைப் பற்றிப் பேசவும்

பாசத்துக்குரிய மைத்துனரும், படையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தினமும் மாலையில் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் உட்கார்ந்து நாட்டைக் காத்து வருபவருமாகிய தங்களுக்கு, தங்கள் அக்காவைக் கட்டிய காரணத்தால் அத்தான் என்று அழைக்கப்படும் தையல்காரன் எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதென்ன, நேற்றுத் திரையில் பார்த்தேனே, கன்னம் பளபளவென்று இருந்தது. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. உங்கள் அக்கா என்னோடு பேச்சு வார்த்தையை நிறுத்திவிட்டாள். தம்பி மேல் இருக்கிற கோபத்தைத் தம்பியிடம் காட்ட முடியாததால், கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிற என்மேல் காட்டுகிறாள். சாப்பாட்டுத் தட்டு மேஜையில் வந்து விழுகிற சத்தத்தைக் கேட்டால் நீங்கள் விவாதிக்கிற குண்டு வீச்சு ஒன்றுமே இல்லை.

தாங்கள் முதன்முதலில் டிவியில் வரப் போவதாகச் சொன்னபோது எங்களுக்குத் தலை கால் புரியவில்லை என்பது உண்மைதான். பக்கத்து மருந்துக் கடைக்காரர், பள்ளி வேன் ஓட்டுபவர், எனக்குப் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துத் தருகிற அம்மாள் எல்லோரையும் நானே கூப்பிட்டுக் கடையில் டிவிக்கு முன்னால் உட்கார வைத்தேன். "நம் படை அந்த நாட்டுக்குள் போனதால் என்ன விளைந்தது? இருக்க வேண்டுமா, திரும்ப வேண்டுமா?" என்று அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கேட்டார். உங்கள் முகத்துக்குக் கீழே 'போர்த்தந்திர வல்லுநர்' என்று போட்டார்கள். நீங்கள் படையில் கம்பளிக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். காஜா அம்மாளுக்கும் தெரியும். "கம்பளி இல்லாம எந்தப் போரு நடந்திருக்கும்மா?" என்று உங்களை விட்டுக்கொடுக்காமல் பேசினேன். அதற்குப் பிறகுதான் கோட்டைப் பார்த்தேன். உங்கள் மகள் கல்யாணத்துக்கு நான் தைத்துக் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டு! தோளில் அது உட்கார்ந்திருந்த அழகுக்கு என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. அப்படி நான் பூரித்துப் போயிருந்த நேரம் பார்த்து நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "அவசரப்பட்டுத் திரும்பிடக் கூடாது. பசங்க இன்னும் ஆறு மாசம் அங்க இருந்தாகணும். ஒண்ணும் ஆகிடாது."

எந்தப் பசங்க ஐயா? அதில் ஒருத்தன் உங்கள் அக்கா பெற்ற ஒரே பிள்ளை. நாமெல்லாம் குச்சி என்று கூப்பிடுகிற உங்கள் மருமகன். உங்கள் தோளில் ஏறி உட்கார்ந்து மீசையைப் பிடித்து இழுத்தவன். உங்கள் அக்கா ரிமோட்டை வீசியதில் பாட்டரி ரெண்டும் தையல் மிஷினுக்கு அடியில் உருண்டு போயின. சேனலை மாற்ற வழியில்லாமல் நீங்கள் பேசியதை முழுக்கக் கேட்டுத் தொலைக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து என் கடை கடையாக இல்லை. வருகிறவன் எல்லாம் அளவு கொடுக்கும்போதே அபிப்பிராயமும் கொடுக்கிறான். போன வாரம் ஒரு வங்கி அதிகாரி கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தார். ஒரு கை மாட்டியாயிற்று, இன்னொரு கையை இன்னும் இணைக்கவில்லை, முதுகெல்லாம் குண்டூசி. அந்த நேரம் பார்த்து வேன்காரர் வாசலில் நின்று, "நாம ஏன் சார் அடுத்தவன் வீட்டுல போய் நிக்கணும்?" என்றார். அதிகாரி, "நாம போகலைன்னா வேற ஒருத்தன் போயிருப்பான்!" என்று கத்திக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டார். நான் பின்னாலேயே "சார், ஊசி! சார், ஊசி!" என்று ஓடுகிறேன். அவர் ஒற்றைக் கையோடு ராஜதந்திரம் பேசுகிறார். மருந்துக் கடைக்காரர் சமாதானம் செய்யப் போய் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். பிறகு தன் உள்ளங்கைக்குத் தன் கடையிலேயே மருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் யார்? நீர்தான்.

இது போதாதென்று, உம்மோடு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தினமும் மேஜையைக் குத்துகிறாரே அந்தப் பேராசிரியர், அவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "அவரோட கோட்டு நீங்க தைச்சதாமே? அதைவிட எடுப்பா எனக்கு ஒண்ணு வேணும்" என்றார். படையைத் திருப்பிக் கூப்பிடச் சொல்கிற மனுஷன் ஆயிற்றே என்று உருகிப் போனேன். தோளுக்குள் பஞ்சை இரண்டு மடங்கு வைத்தேன். அவர் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஒவ்வொரு தையலும் போட்டேன். போட்டுப் பார்க்கிற அன்று, என் மகன் அங்கே இருக்கிறான் என்று வாய் தவறிச் சொன்னேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "அருமை! பிரமாதம்! அவன் போட்டோ ஒண்ணு கிடைக்குமா?"

அன்று மாலை நடந்தது உமக்கே தெரியும். நீர், "என் சொந்த மருமகனே அங்க பெருமையா நிக்கிறான்" என்றீர். அவர், "அந்தப் பையனைப் பெத்தவங்க கண்ணீரை நான் நேர்ல பாத்தேன்" என்றார். நான் எங்கே ஐயா அழுதேன், கோட்டின் கீழ் ஓரத்தை மடிக்கிறதற்காகக் குனிந்துகொண்டிருந்தேன்! என் கோட்டு ரெண்டும் என் பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததைப் பார்த்துக்கொண்டு நான் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று உங்கள் ரெண்டு பேரில் ஒருத்தராவது கேட்டீர்களா? கடைசியில் அறிவிப்பாளர், "விவாதம் சுவாரசியமாக இருந்தது" என்று சொல்லி முடித்தார். சுவாரசியமாம்! உன் அக்கா கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்: "அந்த ரெண்டு கோட்டையும் வாங்கிட்டு வாங்க."

நீ இன்னொன்றும் சொன்னாய். அந்த ஊர் ஜனங்கள் நம் ஆட்களை வழி நெடுகக் கையசைத்து வரவேற்கிறார்கள் என்றாய். கேள். போன வாரம் குச்சி போனில் பேசியபோது, "அப்பா, இங்கேயும் ஒரு தையல்காரர் இருக்காரு" என்றான். எனக்கு ஒரே குஷி. "பேசினியாடா? என்ன மிஷின் வச்சிருக்காரு?" என்று கேட்டேன். மிஷினை விட்டுவிட்டு வேறு சொன்னான். "எங்க வண்டி தெருவுக்குள்ள வந்தா கடையைச் சாத்திடுவாருப்பா. கடைக்கு மேல்மாடி கிடையாது. முன்னாடி இருந்துதாம். ஒரு நாள் என் பேன்ட் கிழிஞ்சு போச்சு, கொண்டு போய்க் குடுத்தேன். தைச்சுக் குடுத்தாரு. நிமிர்ந்தே பாக்கலை." நன்றாகத் தைத்திருந்தாரா என்று மட்டும்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "உங்க கை மாதிரியே இருந்துதுப்பா" என்றான். அன்று முழுக்க என்னால் மிஷினில் உட்கார முடியவில்லை. என் மகனைப் பார்த்து ஒரு தையல்காரன் கடையைச் சாத்துகிறான். இதுதானடா நீ சொல்கிற வரவேற்பு? இதற்குத்தானா இன்னும் ஆறு மாதம்?

படையைத் திருப்பிக் கூப்பிடுவதா என்று வியாழக்கிழமை நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு. புதன்கிழமை மாலை உன் பெரிய விவாதம். கடைசியாகச் சொல்கிறேன். அன்று நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "பசங்க வீட்டுக்கு வரட்டும்" என்று மூணு வார்த்தை சொல். சொல்ல வாய் வராவிட்டால் என் கோட்டைக் கழற்றி மடித்துக் கூரியரில் அனுப்பிவிட்டு, வெறும் சட்டையோடு போய் உட்கார்ந்து எந்த நாட்டின் மேல் வேண்டுமானாலும் படையெடு. என் துணியைப் போர்த்திக்கொண்டு என் பிள்ளைக்கு நாள் குறிக்காதே. நாங்கள் ரெண்டு பேரும் இனி உன் வீட்டு வாசல்படி மிதிப்பதாக இல்லை. இதில் மாற்றம் கிடையாது.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும். உன் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள். உன் அக்காவும் ஆசி சொன்னதாக எழுதுவதுதான் முறை. அவள் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.

இப்படிக்கு,
இந்தக் கடிதம் முடிகிற வரைக்கும் உன் அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் குச்சி பேசினான். உன்னை விவாதத்தில் இருந்து விரட்டப் போவதாகப் பெருமையாகச் சொன்னேன். பதறிவிட்டான். "ஐயோ அப்பா, அப்படிப் பண்ணிடாதீங்க! மாமா தினமும் வரணும். இங்க சாப்பாட்டுக் கூடத்துல எல்லாரும் உக்காந்து பாக்கறோம்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவன் பேசறதையாடா கேக்கறீங்க?" என்றேன். "சே, சத்தத்தை நிறுத்திடுவோம்ப்பா. நான் கோட்டைத்தான் பாக்கறேன். நம்ம கடையில நிக்கிற மாதிரி இருக்கு. எங்க அப்பா தைச்சதுன்னு எல்லார்கிட்டயும் காட்டறேன். இடது கையில ஒரு பட்டன் ஆடுது, பாத்தீங்களா? நான் வந்து தைச்சுத் தர்றேன்னு மாமாகிட்ட சொல்லுங்க."

ஆகையால் மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கோட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். புதன்கிழமையும் அதையே போட்டுக்கொண்டு போகவும். இடது கையை மேஜைமேல் தெரியும்படி வைக்கவும். வாய்க்கு வந்ததைப் பேசிக்கொள், அவனுக்குக் கேட்காது. அந்தப் பட்டனை மட்டும் குச்சி வருகிற வரை வேறு யாரிடமும் கொடுத்துத் தைத்துவிடாதே. அந்த நூல் இன்னும் ஆறு மாதம் தாங்காது. தைத்தவன் சொல்கிறேன்.