மூன்றாம் இடத்துப் பெட்டி

ஜெவாத் அன்று ஒரு முடிவெடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவராக எடுத்த முதல் முடிவு அது. கல்யாண முடிவையும் ரஸிமாதான் எடுத்தாள் என்பது சரயேவோவில் அவர்கள் தெருவுக்கே தெரியும்.

அந்தப் பெட்டியை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்!

எண்பத்து நாலில் ஊருக்குக் குளிர்கால ஒலிம்பிக் வந்தபோது அவர் டிராம் ஓட்டுநர். லீவு போட்டுவிட்டு யஹோரினா மலைக்குப் போய், சறுக்குப் பாதையில் பனியை மிதித்து இறுக்கும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். எல்லாம் முடிந்ததும், பரிசு மேடையில் மூன்றாம் இடத்துக்காரர் நிற்கும் மரப்பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார். முகப்பில் சிவப்பாக '3'. அப்போது ஊரே இளமையாக இருந்தது. டிராமில் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்த நாட்களின் நினைவாக இன்றும் அவர் தினமும் பெட்டியைத் தூசி தட்டுவார்.

ரஸிமாவோ அதன்மேல் ஏறித் திரைச்சீலை மாட்டுவாள்.

"இறங்குடி! அது வரலாறு!"

"வரலாறு நல்லா உறுதியாத்தான் இருக்கு. அந்தக் கொக்கிய எடுங்க."

அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்றால் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்பாள். இனி பொறுப்பதில்லை. பெட்டி கண்ணாடிக்குள் இருக்க வேண்டும். பக்கத்தில் அட்டை. அட்டையில் அவர் பெயர். வீட்டு வாசற்கதவில்கூட ரஸிமா பெயர்தான் இருக்கிறது.

ரஸிமா பக்கத்து வீட்டுக்குக் காபி குடிக்கப் போகும் நேரமாகப் பார்த்து, அருங்காட்சியகத்துப் பெண் அஸ்ராவை வரச்சொன்னார். அந்தக் காபி லேசில் முடியாது. ஆனால் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்த ரஸிமா, பாதிக் கோப்பையில் எழுந்து வந்துவிட்டாள்.

அதற்குள் அஸ்ரா பெட்டியைக் கவிழ்த்திருந்தாள்.

"ஐயா, ஒலிம்பிக்ல இறைச்சி டின்னுக்கும் பரிசு குடுத்தாங்களா?"

அடிப்பலகையில் முத்திரை. தொண்ணூறுகளில், ஊர் முற்றுகையில் கிடந்த போர்க்காலத்தில் வந்த நிவாரண இறைச்சிப் பெட்டியின் முத்திரை.

ஜெவாத் மனைவியைப் பார்த்தார். ரஸிமா கூரையைப் பார்த்தாள்.

"குடுக்காதீங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்? கேட்டீங்களா?"

"என் பெட்டி எங்கடி?"

"போரோட ரெண்டாவது குளிர்காலத்துல எரிச்சுட்டேன். வீட்ல ஒரு குச்சி விறகு இல்ல. போர்முனையிலேர்ந்து ஒரு நாள் லீவுல வந்து சுடச்சுட ரொட்டி தின்னீங்களே, அது எதுல வெந்துச்சாம்?"

"எனக்குத் தெரியாதே!"

"கரண்டே இல்லாத வீட்ல என்ன தெரியும்? ருசி மட்டும் தெரிஞ்சுது. இன்னொரு ரொட்டியும் கேட்டீங்க. உங்க வரலாறு உங்க வயித்துக்குள்ளதான் போச்சு."

"அப்போ இந்த மூணு?"

ரஸிமாவின் குரல் இறங்கியது. "சண்டை ஓய்ஞ்சு நீங்க வீடு திரும்புற வாரம் நான்தான் எழுதினேன். என் நகப்பூச்சுல. அந்த ஒரு புட்டிதான் மிச்சமிருந்துச்சு. எல்லாத்தையும் தொலைச்சுட்டு வர்ற மனுஷன், இதாவது இருக்கட்டுமேன்னு."

ஜெவாத்துக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் என்று தெரியாமல் திணறினார்.

"இத்தனை வருஷமா தினமும் இதைத் தூசி தட்டுறேனேடி!"

அஸ்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா, அந்தப் பெட்டிய விட இதுதான் எங்களுக்கு வேணும்." அட்டையை எடுத்து எழுதினாள்: 'செய்தவர்: ரஸிமா.'

"அப்போ என் பேரு?" என்றார் ஜெவாத் ஈனக்குரலில்.

ரஸிமாவுக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம், அவர் பேரையும் போடும்மா. கீழ, சின்ன எழுத்துல. 'தூசி தட்டியவர்: ஜெவாத்.'"