ஒன்பது முதலாளிகளிடம் மாற்றுச் சான்றிதழ் கேட்ட விவரம்

திண்டுக்கல்,
வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணி.

தோஹாவில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை ஜெரின் அவர்களுக்கு, மாமனார் ஞானராஜ் ஆசீர்வதித்து எழுதுவது.

நான் சுகம். குடல்வால் அறுவைக்குப் பின் ஏஞ்சலினும் சுகம். நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். அவளுடைய அலுவலகம்தான் சுகமில்லை. போனில் சொன்னால் இடையிடையே "என்ன மாமா இது" என்பீர்கள், எனக்கு வரிசை தப்பிவிடும். அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஏஞ்சலினுக்கு இன்னும் எதுவும் தெரியாது. தையல் பிரிக்கும் வரை அவளைப் பதற வைக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் அவள் போனையும் நானே வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். ஒட்டன்சத்திரம் சாலையில் புதிதாகத் திறக்கிற காய்கறி பதப்படுத்தும் ஆலைக்குப் பன்னிரண்டு பேர் தருவதாக ஏஞ்சலின் ஒப்புக்கொண்டிருந்தாள். இன்று மாலை நாலு மணிக்கு நம் அலுவலக வாசலில் ஆலையின் வேன் வந்து நிற்கும். பன்னிரண்டும் சரியாக இருந்தால் அந்த ஆலைக்கு இனி ஆள் எடுத்துத் தரும் வேலை முழுவதும் நமக்கு. ஒன்று குறைந்தாலும் வேறு ஏஜென்சிக்கு. இரண்டு வருடமாக அவள் வெயிலில் அலைந்தது இதற்காகத்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினாள். "அப்பா, இந்த வேலைக்குக் கொஞ்சமாப் பேசணும், நெறையாக் கேக்கணும். வாரேன்னு சொல்றவன, வந்து நிக்கிற வரைக்கும் நம்பக்கூடாது. பன்னெண்டு பேரும் ரெடி. நீங்க தெனம் ஒரு போன் மட்டும் போட்டு ஞாபகப்படுத்துங்க. வேற எதுவும் செய்யாதீங்க." அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அடிக்கோடிட்டிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை எல்லோருடைய பயோடேட்டாவையும் சிவப்பு மையில் திருத்தினேன். அதனால் யாருக்கும் சேதமில்லை. புதன்கிழமைதான் கோப்பில் ஒரு பெரிய குறை கண்ணில் பட்டது. ஒருவரிடமும் மாற்றுச் சான்றிதழ் இல்லை. மாப்பிள்ளை, என் முப்பத்தாறு வருட வாத்தியார் உத்தியோகத்தில் பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் நன்னடத்தைச் சான்றிதழும் இல்லாமல் ஒரு பிள்ளையைக்கூட நான் சேர்த்ததில்லை. உதாரணமாக, கல்வி அலுவலரின் சொந்த மகனையே வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். இந்தப் பன்னிரண்டு பேரில் மூவருக்கு வேலை இல்லை; மற்ற ஒன்பது பேரும் வேறிடங்களில் வேலையில் இருப்பவர்கள். அந்த ஒன்பது முதலாளிகளுக்கும் நானே போன் செய்தேன். "ஐயா, தங்களிடம் பணிபுரியும் இன்னார் எங்களிடம் வேலைக்கு மனு செய்திருக்கிறார். நடத்தை எப்படி? எந்தத் தேதியில் விடுவிப்பீர்கள்?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். ஒவ்வொருவரும் முதலில் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். யோசித்து நல்ல வார்த்தை தேடுகிறார்கள் என்று நினைத்தேன்.

குஜிலியம்பாறை பழனிக்குமார் வேலை பார்க்கும் நூற்பாலையின் மேனேஜர் மட்டும் கத்தினார். "யோவ், அவன் மச்சினன் கல்யாணம்னுல்ல லீவு போட்டுட்டுப் போனான்!"

"அப்படியா? எங்கள் நேர்காணலுக்கு வந்திருந்தார். ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்ததாகக் கோப்பில் இருக்கிறது" என்று நானும் பாராட்டி வைத்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் பழனிக்குமார் போனில் அழாத குறை. "சார், மேனேஜர் என் பொண்டாட்டிக்குப் போன் போட்டு, ஒந்தம்பி கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுச்சாம்மான்னு கேட்டுருக்காரு. அவளுக்குத் தம்பியே கெடையாது சார்! இப்ப மில்லுக்கும் போக முடியல, வீட்டுக்கும் போக முடியல." அடுத்தவர் முகேஷ்குமார், குளிர்பதன இயந்திரங்களைப் பார்க்க வேண்டிய மேற்பார்வையாளர், பன்னிரண்டு பேரில் கிடைப்பதற்கு அரிய ஆள். அவர் குரலில் தேன் வழிந்தது. "ரொம்ப நன்றி சார். நாலு வருசமாக் கேட்டும் குடுக்காத ஃபோர்மேன் போஸ்ட்ட ஒரே போன்ல வாங்கிக் குடுத்துட்டீங்க. நான் இங்கனயே இருந்துக்கிறேன்." ஆறு பேர் போனையே எடுக்கவில்லை. நான் நாள் முழுக்க முயன்றதில் என் காதுதான் சூடாயிற்று. மாலையில் ஆலையின் அதிகாரி பவித்ரா அம்மாள் கூப்பிட்டார். "ஏனுங்க சார், எல்லாம் தயாருங்களா? பன்னெண்டுன்னா பன்னெண்டுங்க. பதினொண்ணேமுக்கால் எல்லாம் நமக்கு ஆகாதுங்க." நான் "ஆண்டவர் சித்தம்" என்றேன். அவருக்கு அது திருப்தியாக இல்லை.

இன்று காலை பத்து மணிக்கு பேகம்பூர் ஜெய்தூன் பீவி நேரிலேயே வந்துவிட்டார். துணிக்கடையில் ஒன்பது வருடம் இருந்தவர். என் போனுக்குப் பிறகு அவரை நிறுத்திவிட்டார்கள். "ஏன் சார், ஊரு பூராப் பூட்டு விக்கிறாக, ஒங்க வாய்க்கு ஒண்ணு கெடைக்கலையா?" என்றார். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டுத் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "நான் வந்துட்டேன். இன்னும் எம்புட்டுப் பேரு கொறையுது?"

"எட்டும்மா."

"தள்ளி ஒக்காருங்க. போன இங்கிட்டுக் குடுங்க."

பழனிக்குமாரோடு அவருக்கு நேர்காணலன்று பத்து நிமிடப் பழக்கம்தான். "ஏலே பழனி, சாப்டியா?" என்று ஆரம்பித்தார். பிறகு கால் மணி நேரம் "ம்" தவிர ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் அவன் கொட்டி முடித்ததும், "நாலு மணிக்கு வேனு. ஒம் பொண்டாட்டியவும் கூட்டிட்டு வா, நீ எங்க போறேன்னு அவ கண்ணால பாக்கட்டும்" என்றார். அவன் வாரேன் என்றிருக்க வேண்டும். "வாரேங்காத. எந்த பஸ்ஸு, எத்தன மணிக்கு ஏறுவ? அதச் சொல்லு." இப்படியே மற்ற ஆறு பேரையும் தேடிப் பிடித்தார். என் பெண் ஆட்டோவில் சொன்ன பாடம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாடிப்படி ஏறுகிறவன் மேல்படியில் காலை ஊன்றிய பிறகுதான் கீழ்ப்படியிலிருக்கும் காலை எடுப்பான். நான் கீழ்ப்படியை முதலில் உருவிவிட்டேன்.

இப்போது கணக்குப்படி பதினொரு பேர் வர வேண்டும். வாசலில் நிற்பது நாலு பேர். முகேஷ்குமாருக்குப் பதில் ஆள் இல்லை. இனி எவருடைய முதலாளிக்கும் போன் செய்வதில்லை என்று மாதா படத்தின் முன் சத்தியம் செய்துவிட்டேன். இந்த வேலையிலிருந்து இன்றோடு விலகுகிறேன். ஏஞ்சலினிடம் இதைப் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. நீங்கள் நீண்ட ஆயுளும் குறையாத சமாதானமும் பெற்று வாழ, அன்றாட ஜெபத்தில் நினைக்கும்

மாமா,
ஞானராஜ்

பின்குறிப்பு: மணி நாலரை. மேலே எழுதிய ராஜினாமாவை நான் எழுதாததாகவும் நீங்கள் வாசிக்காததாகவும் கொள்ளவும். பதினொரு பேரும் வந்தார்கள். பழனிக்குமார் மனைவியோடு வந்தான். வேன் வந்தபின் பவித்ரா அம்மாள், "மேற்பார்வையாளரு ஒண்ணாந் தேதி வந்தாப் போதுமுங்க, ஆனா ஆளு யாருன்னு இப்பவே சொல்லோணுமுங்க" என்றார். என் வாயில் உங்கள் பெயர் வந்துவிட்டது. தோஹாவில் குளிர்பதன இயந்திரங்களோடு பத்து வருடம் என்றதும் அவருக்குப் பரம சந்தோஷம். ஒப்பந்தம் நமக்கே. ஜெய்தூன் பீவியும் வேனில் போய்விட்டதால் என்னைத் தடுக்க ஆளில்லை. அவசரத்துக்கு என்று நீங்கள் முன்பு கொடுத்திருந்த எண்ணில் உங்கள் தோஹா மேனேஜரைக் கூப்பிட்டேன். மிக நல்ல மனிதர். உங்கள் நடத்தை அருமை என்றார். எந்தத் தேதியில் விடுவிப்பீர்கள் என்று கேட்டதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். ஒன்றாம் தேதி வேன் காலை எட்டு மணிக்கு.