கண்ணடியார் பார்க்காத விமானம்

உலகத்தின் எந்த மூலையில் விமானம் விழுந்தாலும் அதற்கு உண்மையான காரணம் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் மெஸ்ஸின் பின்கட்டு அறையில் குடியிருந்தார். தன்னை யாரும் கலந்தாலோசிக்காததால்தான் விமானங்கள் இன்னும் விழுந்துகொண்டிருக்கின்றன என்பது அவருடைய அபிப்பிராயம்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கண்ணடியார். 'கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது' என்று ஓயாமல் சொல்லிச் சொல்லி வந்த பெயர் அது. மரியாதைக்காக யாரோ கடைசியில் ஒரு 'ஆர்' சேர்த்துவிட, அறுபத்துமூவரில் விட்டுப்போன ஒருவரைப் போல அவருக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது.

ரயில்வே யார்டில் வண்டிச் சக்கரங்களுக்குக் கிரீஸ் போடுவது அவர் உத்தியோகம். வலது கட்டைவிரல் எந்நேரமும் கன்னங்கரேல் என்று இருக்கும். சோப்பு, சாம்பல், மண்ணெண்ணெய் எதற்கும் அது மசியவில்லை. அந்த விரலை அவர் வீணாக்கவும் இல்லை. அழகாக எது கண்ணில் பட்டாலும் அதன் மேல் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிடுவார். அந்தக் காலத்து பிரிக்பீல்ட்ஸ் குழந்தைகள் தாய்ப்பாலோடு ரயில்வே கிரீஸும் சேர்ந்து வளர்ந்தவர்கள்.

குழந்தைகளோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் வேலை பார்த்த ரயில்வே கூட்ஸ் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவை எல்லாரும் பெரிய கிராணி என்போம். அதே மெஸ்ஸின் மாடியறைக்காரர். அவர் ஆசை ஆசையாக ஒரு புது சைக்கிள் வாங்கினார். மறுநாள் காலை வெள்ளைக் கால்சட்டையோடு அதில் ஏறி ஆபீஸ் போனார். துரையிடம் பைலைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தபோது, பின்பக்கத்தில் இருந்த பொட்டை துரை உட்பட ஆபீஸ் முழுக்கப் பார்த்தது.

"யோவ், சீட்டுலயாய்யா வைப்பாங்க?"

"மத்த எடமெல்லாம் கறுப்பு, கிராணியாரே. வச்சா தெரியாது. சீட்டுதான் பளபளன்னு இருந்துச்சு."

செந்தூலில் நடந்த ஒரு கல்யாணத்தில் இவர் மணப்பெண்ணின் கன்னத்தில் வைத்த பொட்டு, போட்டோவில் பெரிய மச்சமாக விழுந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அதை எடுத்துக்கொண்டு போய் மச்ச பலன் பார்த்திருக்கிறார்கள். மாமியாருக்கு ஆகாது என்று வந்ததாம். அந்தப் பலன் பொய்க்கவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

விமான விஷயத்துக்கு வருகிறேன். நான் அப்போது அதே ஆபீஸில் சின்னக் கிராணி. சாயங்காலம் மெஸ் கூடத்தில் பத்திரிகையை உரக்கப் படிப்பது என் வேலை. மகாராஜாக்கள், ரப்பர் விலை, சீனச் சண்டை எதுவும் கண்ணடியாருக்கு வேண்டாம். சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருப்பார்.

"தம்பி, எங்கயாச்சும் கப்பல் விழுந்துச்சா?"

விமானத்தை அவர் கப்பல் என்றே சொல்வார். மலாய்க்காரர்களும் அதைப் பறக்கும் கப்பல் என்றுதானே சொல்கிறார்கள். அந்த நாளில் அப்படிச் செய்திகளுக்குப் பஞ்சமும் இல்லை. எங்கேயோ ஒரு திருவிழாவில் ஒருவன் தலைகீழாகப் பறந்து காட்டினான், விழுந்தான். இன்னோரிடத்தில் கம்பத்தைச் சுற்றிப் பந்தயம் விட்டான், றெக்கை ஒடிந்தது. சீமாட்டிகளின் தொப்பியை உரசுவது போல வந்தவன் கொட்டகையில் போய் முட்டினான். படிக்கப் படிக்கக் கண்ணடியார் தலையை ஆட்டுவார்.

"என்ஜின் கோளாறுய்யா," என்பார் பெரிய கிராணி.

"அப்ப தபால் தூக்கிட்டுப் போற கப்பல் ஏன் விழல? அதை யாரும் அண்ணாந்து பாக்கல. இது ஊரையே கூட்டி வச்சு, 'பாரு பாரு'ன்னு காட்டுனது. பத்தாயிரம் கண்ணு. இரும்பே ஆனாலும் தாங்குமா?"

"தபால் விமானமும் விழுதுய்யா!"

"அதை அந்தத் தபால்காரன் பாத்திருப்பான்."



இப்படி இருக்கும்போது, ஊர் ஊராக விமானம் காட்டிப் பிழைக்கும் ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்தது. சுங்கை பீசி பக்கம் ஒரு திடலில் காட்சி. டிக்கெட் வாங்கியவர்களில் குலுக்கலில் தேறும் ஒருவரை விமானத்தில் ஏற்றி, வானத்தில் ஒரு சுற்று கொண்டுபோய் வருவார்கள் என்று விளம்பரம். காட்சிக்கு முந்தின நாளே குலுக்கினார்கள். என் வாழ்க்கையில் எனக்கு விழுந்த ஒரே பரிசு அது.

மெஸ்ஸில் அன்று பாயசம். கண்ணடியார் மட்டும் இலையில் கை வைக்கவில்லை.

"போவாத, தம்பி. சொன்னா கேளு லா."

"அண்ணே, ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இனிமே எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"ஊருக்கே தெரிஞ்சு போச்சா?" என்றவர் மோரையும் வேண்டாமென்று எழுந்துவிட்டார்.

காட்சி நாளில் அவர் எங்களுக்கு முன்பே திடலில் நின்றார். மடியில் எலுமிச்சம்பழம், மிளகாய், கற்பூரம். நான் ஏற வேண்டிய விமானத்தின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். விமானத்தைக் காவல் காத்த மெக்கானிக் வெள்ளைக்காரன் வெயிலில் சிவந்து போயிருந்தான். கண்ணடியார் பழங்களை நீட்டி, "துவான், லீமாவ்! லீமாவ்!" என்று எலுமிச்சையின் மலாய்ப் பெயரைச் சொல்லிச் சக்கரத்தைக் காட்டினார். அவன் கண் கலங்காத குறையாக நன்றி சொல்லி, எல்லாவற்றையும் வாங்கித் தன் தண்ணீர்க் குவளையில் பிழிந்து குடித்துவிட்டான். திருஷ்டி கழிந்தது என்றால் அன்றைக்கு அவனுக்குத்தான் கழிந்தது.

முதல் விமானம் கிளம்பியது. வெள்ளை நிறம், இரட்டை றெக்கை. எழும்பியது, சாய்ந்தது, குட்டிக்கரணம் போட்டது. எனக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்ற கண்ணடியார், கூட்டத்தின் ஆரவாரத்தில் தன்னை மறந்து அண்ணாந்துவிட்டார். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அடி ஆத்தி! என்ன அழகு!" என்றார்.

அவர் வாயை மூடவில்லை, மேலே என்ஜின் இரண்டு முறை இருமியது. பிறகு சத்தமே இல்லை. விமானம் திடலைத் தாண்டி, பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கியது. ஜனங்கள் ஓடினார்கள். சேறு பூசிய ஓர் உருவம் வால் பக்கம் ஏறி உட்கார்ந்து, ஒரு கால் பூட்ஸைக் காணோமே என்று தேடியது. விமானம் போயிற்று. மனிதன் பிழைத்தான்.

கண்ணடியார் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான், தம்பி. அன்னிக்கும் நாந்தான்."

"என்னிக்கு அண்ணே?"

"முன்னால ரேஸ் திடல்ல ஒருத்தன் கப்பல் காட்ட வந்தான். எனக்கு அப்ப உன் வயசு. மூங்கில்ல துணி சுத்துன மாதிரி ஒரு கப்பல். அது எழும்புனதும் இதே வார்த்தையத்தான் சொன்னேன். நேரா மரத்துல போய் மாட்டிக்கிச்சு. ஓட்டுனவனுக்குக் காலு போச்சு. அதோட நான் கப்பலைப் பாக்குறதை விட்டுட்டேன். சும்மா பாக்குற கண்ணு ஒண்ணும் செய்யாது, தம்பி. ஆசைக் கண்ணுதான் பொல்லாதது. பெத்தவ கண்ணு பட்டுச்சுன்னே புள்ளைக்குச் சுத்திப் போடுறாங்க இல்ல?"

இத்தனை வருஷம் விபத்துச் செய்தியாகக் கேட்ட மனிதர், விமானம் என்ற ஒன்றின் மேல் உயிரையே வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதற்குள் காட்சிக்காரர்கள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் ஒன்று விழுந்தால் அடுத்ததைக் கிளப்புவார்கள். பிழைப்பு நடக்க வேண்டுமே. ஏறுவது என்று தீர்மானித்தேன். நான் தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏறாமல் திரும்பினால் பெரிய கிராணி என்னை ஆபீஸில் உயிரோடு விடமாட்டார். ஏறினாலாவது பிழைக்க ஒரு வழி உண்டு.

கண்ணடியார் எழுந்தார். கட்டைவிரலால் என் கன்னத்தில் அழுத்தி ஒரு பொட்டு. மெக்கானிக் குட்டைப் பக்கம் ஓடியிருந்ததால் விமானத்தின் வாலிலும் ஒன்று.

"நீ போய்ட்டு வா. நான் பாக்கமாட்டேன். இது சத்தியம்."

ஏறினேன். கிளம்பினோம். கண்ணைத் திறந்து கீழே பார்த்தபோது, கூட்டம் மொத்தமும் முகங்களாகத் தெரிந்தது. அத்தனை முகமும் என்னைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. ஓரத்தில் ஒரு காப்பிக் கொட்டகை. அதன் தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒரே ஒரு சிவப்புத் துண்டு நின்றது. விமானம் வளைந்தபோதும், தலைக்கு மேலே தாழப் பறந்தபோதும், கூட்டம் கத்தியபோதும் அது திரும்பவே இல்லை.

பத்திரமாக இறங்கினோம். பெரிய கிராணி மாலை போட்டார். நான் நேரே கொட்டகைக்குப் போனேன்.

"அண்ணே, வந்துட்டேன்."

"சக்கரம் நின்னுடுச்சா?" தகரத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"நின்னுடுச்சு அண்ணே. திரும்புங்க."

திரும்பினார். தலையிலிருந்து கால் வரை என்னை ஒருமுறை தடவிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வளையுறப்ப றெக்கை ஒரு பக்கமா சாயுமாமே. சாஞ்சுச்சா?" என்றார்.

"சாஞ்சுச்சு அண்ணே."

"எப்படி? கையில காட்டு."

காட்டினேன். இன்னொரு முறை காட்டச் சொன்னார். பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரும் வரை என் கை பறந்துகொண்டேதான் இருந்தது.

பிற்பாடு யார்டுக்கு மேலே விமானங்கள் அடிக்கடி போகத் தொடங்கின. வேலையை விட்டுவிட்டு எல்லாரும் அண்ணாந்து நிற்பார்கள். கண்ணடியார் வண்டிக்கு அடியில் குனிந்து, ஏற்கெனவே கிரீஸ் போட்ட சக்கரத்துக்கே மறுபடியும் போடுவார். சத்தம் தேய்ந்த பிறகு, "போயிருச்சா?" என்று குரல் வரும்.

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நடந்தது. கண்ணடியார் முதல் ஆளாக வந்தார். என் கன்னத்தில் ஒன்று, பெண்ணின் கன்னத்தில் ஒன்று வைத்தார். போய் முதல் வரிசையில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மணவறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தாலி கட்டும்போதும் திரும்பவில்லை.

பக்கத்தில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்த என் மனைவி, என்னிடம் பேசிய முதல் வார்த்தையே அவரைப் பற்றித்தான்.

"அந்தப் பெரியவருக்கு உங்க மேல என்ன கோவம்?"

"கோவம் இல்ல. ரொம்ப ஆசை," என்றேன்.