சந்திரமதி உயிரோடு இருக்கிறாள்

டன்லப் ஸ்திரீட், சிங்கப்பூர்
12-9-1956

மதிப்பிற்குரிய ஆசிரியர் தனசேகரன் அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் சிங்கப்பூர் நிருபர் அஹமது கபீர் பணிவோடு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் மனைவி நஃபீசாவும் சுகமில்லை. அவ்விடம் தாங்கள் சுகமாக இருந்தால், இக்கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை மட்டும் அப்படியே இருக்கும்படி துஆ செய்கிறேன்.

நடிகர் எழில்வேந்தனின் வாழ்க்கை வரலாற்றை நம் இதழில் மாதாமாதம் எழுதுகிறவன் நான். ஆனால் அவரை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை என்பது தங்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து அவருடைய காரியதரிசி ஒரு தாளில் குறிப்பு அனுப்புவார், பிறந்த ஊர் இன்னது, பிடித்த பலகாரம் இன்னது என்று. நான் அதை ஊறப்போட்டு நாலு பக்கமாக்குவேன். ஏழாம் அத்தியாயத்துக்கு வந்த குறிப்பில், "நாடகக் கம்பெனியோடு சிங்கப்பூர் சென்றபோது மணந்த முதல் மனைவி, ஜப்பான் குண்டில் இறந்தார்" என்று இருந்தது. உள்ளூர்க்காரன் அல்லவா, விடுவேனா? சிராங்கூன் ரோட்டில் குண்டு விழுந்தது, அவள் கையில் மல்லிகைச் சரத்தோடு சாய்ந்தது, கடைசி மூச்சில் கணவன் பெயரைச் சொன்னது, அத்தனையும் எழுதினேன். நஃபீசா படித்துவிட்டு அழுதாள். தாங்கள்கூட 'பிரமாதம்' என்று எழுதியிருந்தீர்கள்.

இதழ் கப்பலில் வந்து இறங்கிய மூன்றாம் நாள், செத்துப்போனவள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

யாரென்று நினைக்கிறீர்கள்? தேக்கா சந்தையில் ஆறு வருடமாக நான் வெற்றிலை வாங்கும் சந்திரமதி! அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்துக் கடை மருதப்பன் சந்தையே கேட்க உரக்க வாசித்திருக்கிறான். கல்யாணப் போட்டோவை முந்தானையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். பார்த்தேன். படங்களில் காணும் எழில்வேந்தனின் அதே மூக்கு, அதே மச்சம், பக்கத்தில் பாவாடை வயது தாண்டாதவள் மாதிரி இவள்.

"பாய், நான் எப்ப செத்தேன்?" என்றாள். "மல்லியப்பூவா? அன்னிக்கு மரவள்ளிக்கிழங்குக்கே நாயா அலைஞ்சேன். அவுக பேர வேற சொன்னேன்னு போட்டிருக்கீங்க. கட்டின நாள்லேர்ந்து அவுக பேர வாயால சொன்னவளா நானு?"

உள்ளேயிருந்து நஃபீசா வந்தாள். "உசுரோட இருக்கிற பொம்பளையக் கொன்னுபுட்டு மரமா நிக்கிறியளே! நீ உள்ள வாம்மா" என்று அவளை அழைத்துப் போய்த் தேநீர் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. இன்றுவரை கேட்டு வாங்கித்தான் குடிக்கிறேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் ஐயா. திட்டவில்லை, சிரித்தாள். "இப்பத்தான் பாய் வெளங்குது. அவுக ஊருக்குப் போனப்புறம் ஜப்பான் சண்டை வந்துச்சில்ல, எந்தப் பாவியோ நான் செத்துட்டேன்னு அவுககிட்ட சொல்லிட்டான். ஆள வச்சு நான் எழுதிப்போட்ட லெட்டரெல்லாம் போய்ச் சேரல. அதான் வரல. நீங்க ஒரு வரி, நான் இருக்கேன்னு போட்ருங்க பாய். பாத்தாகன்னா அடுத்த கப்பல்ல வந்து நிப்பாக" என்றாள். பதினைந்து வருடமாக அவன் ஏன் வரவில்லை என்பதற்கு அவளிடம் ஒரு காரணமும் இருந்ததில்லை. என் புளுகுதான் அதைக் கொடுத்திருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் வருகிறாள். பச்சைச் சேலை ஒன்று எடுத்து வைத்திருக்கிறாள். சென்னைக் கப்பல் வரும் நாளில் கடையைச் சாத்திவிட்டுத் துறைமுகத்துக்குப் போகிறாள். "செத்தவகிட்ட வெத்தல வாங்கினா செவக்குமா?" என்று மருதப்பன் கேலி செய்கிறான், அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். நான் எழில்வேந்தனுக்கே நேராக, போட்டோவின் நகலும் வைத்து விமானத் தபாலில் எழுதினேன். ஒரு மாதமாயிற்று, மூச்சில்லை. ஆகவே அடுத்த இதழில் முதல் பக்கத்திலேயே, கட்டம் கட்டி, தலைப்புக்குப் போடும் பெரிய எழுத்தில் இப்படி ஒரு மறுப்பு வரவேண்டும்: "சந்திரமதி உயிரோடு இருக்கிறாள். எழுதியவன் மடையன்." இடம் போதாவிட்டால் விளம்பரத்தை எடுங்கள், இரண்டாவது வாக்கியத்தை எடுக்காதீர்கள்.

தங்கள் வீட்டாருக்கும் அச்சுக்கூடத்தாருக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளைத் தரட்டும். அதை யாரும் எழுதிக் குறைக்காமலும் இருக்கட்டும்.

தங்கள் ஊழியன்,
அஹமது கபீர்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் காரியதரிசியிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே சந்திரமதி அனுப்பிய கடிதங்கள், வருடக்கணக்கானவை, கயிறு போட்டுக் கட்டியிருந்தன. மேலே ஒரு சீட்டு: "இந்த அம்மாள் எழுதி எழுதித் தொல்லை தருகிறார். ஐயாவுக்கு எல்லாம் தெரியும். ஏழாம் அத்தியாயம் ஐயாவுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அப்படியே இருக்கட்டும்." ஒளித்துவிடலாம் என்று எழுந்தேன், அவள் வாசலில் நின்றாள். தன் உறைகளை அடையாளம் கண்டுகொண்டாள். "பிரிச்சிருக்கா பாய்?" என்று கேட்டாள். கதை கட்டியே பிழைப்பவன் நான், அப்போது ஒரு பொய் வரவில்லை. "எல்லாமே பிரிச்சிருக்கும்மா" என்றேன். ஒவ்வொரு உறையாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். "என்னைய அவ்வளவு அழகா சாகடிச்சீங்களே பாய், அந்த ஆளையும் சாகடிச்சிருங்க" என்றாள்.

ஆகவே மறுப்பு வேண்டாம். எட்டாம் அத்தியாயத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், அதில் எழில்வேந்தன் சாகிறார். இதழில் போடச் சொல்லவில்லை, தங்கள்மேல் வழக்கு வரும். ஒரே ஒரு படி மட்டும் அச்சடித்து அனுப்புங்கள். அச்சில் வந்தால்தான் அவளுக்கு நம்பிக்கை வருமாம்.