பெயர் சொல்லாத மன்றாட்டு

கடவுளிடம் எதையும் விளக்கமாகக் கேட்கக் கூடாது. பொதுவாகக் கேட்டால் அவர் தன் விருப்பப்படி எதையாவது தருவார், நாமும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். இன்ன நிறம், இன்ன குணம் என்று கேட்டால் சில வேளைகளில் அப்படியே தந்துவிடுகிறார். பிறகு ஊருக்குப் பதில் சொல்வது நம்முடைய வேலையாகிவிடுகிறது. நான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் வவுனியாக்காரன். முல்லைத்தீவுக் கரையோரத்து மீன்பிடிக் கிராமம் ஒன்றில் கலியாணம் முடித்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். (மாப்பிள்ளை, மாஸ்டர் என்று இரண்டு பட்டமும் ஒன்றாகக் கிடைத்ததில் அந்தக் காலத்தில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இப்போது இல்லை. ஊர் விடாது.) பிரதேச சபைத் தேர்தல் வந்தபோது எங்கள் வட்டாரத்தில் ஒரு சுயேச்சைக் குழுவின் சார்பில் என் மாமி நின்றார். அதாவது என் மனைவி ஜெனிற்றாவின் தாய். மாதர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவி. அவருக்கு எதிராக இன்னொரு குழுவில் நின்றவர் மரியநாயகம் அண்ணை, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். அவர் யாரோ எவரோ என்றால் பரவாயில்லை. ஞானஸ்நானத்தில் என் மகளை ஏந்திய ஞானத்தகப்பன் அவர்.

மூன்றாவதாக ஒருவரும் நின்றார். தியோகு அண்ணை, படகு இஞ்சின் திருத்துகிறவர். எங்கள் வட்டாரத்துக்கு ஆள் கிடைக்காத ஒரு கட்சியின் ஆட்கள், இஞ்சின் திருத்த வந்த இடத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது என்ன கையெழுத்து என்பது அவருக்குப் பிறகுதான் விளங்கியது. அன்றிலிருந்து எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எனக்குப் போட்டிடாதேங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன்" என்று சொல்லித் திரிந்தார். வட்டாரத்தில் ஒழுங்காகப் பிரசாரம் செய்த ஒரே வேட்பாளர் அவர்தான்.

தேர்தல் முடிந்த அடுத்த மாதம் என் மகளுக்கு முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பீடத்தடியில் தனக்கு ஒரு பக்கம் அம்மம்மாவும் மறுபக்கம் ஞானத்தகப்பனும் நிற்க வேண்டும் என்பது அவளுடைய கட்டளை. ஆனால் அவர்கள் இருவரும் அதற்குள் கதைப்பதை நிறுத்தியிருந்தார்கள். "அவை ரெண்டு பேரும் வராட்டி நானும் வரமாட்டன்" என்று அவள் சொல்லிவிட்டாள். எனவே எவர் வென்றாலும் தோற்றாலும் எனக்குக் கவலையில்லை. இந்த இரண்டு பேருடைய பகையும் முற்றாமல் தேர்தலைக் கடத்திவிட வேண்டும். அவ்வளவுதான் என் அரசியல்.

அவர்களோ விடுவதாக இல்லை. இருவரும் என்னிடம் வாக்குக் கேட்டது ஞானோபதேசத்தை வைத்துத்தான்.

"தம்பி, தாய் தகப்பனைக் கனம் பண்ணச் சொல்லித்தானே கட்டளை இருக்கு? மாமியும் தாய்தானே?" என்றார் மாமி, குசினியில் மீன் வெட்டிக்கொண்டு. கத்தி கையில் இருந்தபடியால் நான் மறுத்துப் பேசவில்லை.

மரியநாயகம் அண்ணை பள்ளிக்கூட வாசலில் பிடித்தார். "மாஸ்டர், ஞானஸ்நானத்திலை வந்த உறவு சும்மா உறவே? அதோடை ஏழையளுக்குத்தான் முதலிடம் எண்டு திருச்சபை சொல்லுது. இந்த ஊரிலை என்னை விட ஏழை ஆர், சொல்லுங்கோ பாப்பம்?" (அவரிடம் இரண்டு படகு இருக்கிறது.)

பங்குத் தந்தையிடம் போனேன். அவர் ஏற்கெனவே பிரசங்கத்தில், வாக்கை விற்பது பாவம், பொது நன்மையைப் பாருங்கள், மனச்சாட்சிப்படி போடுங்கள் என்று அழகாகச் சொல்லியிருந்தார். எல்லோரும் தலையாட்டினோம். வெளியே வந்ததும் பொது நன்மை என்றால் மாமி என்று ஒரு பகுதியும், மரியநாயகம் அண்ணை என்று மறுபகுதியும் விளங்கிக்கொண்டது.

"பாதர், மனச்சாட்சிப்படி எண்டால் ஆருக்கு?" என்று கேட்டேன்.

"உம்முடைய மனச்சாட்சியைக் கேளும்."

"அது உங்களைக் கேக்கச் சொல்லுது பாதர்."

அவர், இவ்வளவு யோசிக்கிற ஆள் சும்மா இருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஞாயிறு பூசையில் தேர்தலுக்கான மன்றாட்டை எழுதி வாசிக்கும் பொறுப்பை என்னிடமே தந்தார். "பேர் சொல்லக் கூடாது. கட்சி, சின்னம் ஒண்டும் வரக் கூடாது. நல்ல தலைவர் எப்பிடி இருக்கவேணும் எண்டு திருச்சபை சொல்லுதோ, அதை மட்டும் கேளும்."

தமிழ் வாத்தியாருக்கு இது போதாதா? இரண்டு நாள் இருந்து எழுதினேன். பிரசாரம் ஓய்ந்து, வாக்களிப்புக்கு முந்திய ஞாயிறு அது. இனி ஒருவரும் வாய் திறக்க முடியாது. ஆகவே ஊரில் கடைசியாக ஒலிவாங்கியில் பேசப்போகிறவன் நான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கோயில் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பெண்கள் பக்கம் மாமி, ஆண்கள் பக்கம் மரியநாயகம் அண்ணை. கடைசியில் வாசலோரம் தியோகு அண்ணை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்.

"வீடு வீடாக நடந்து சென்று, நோயாளரையும் விதவைகளையும் விசாரிக்கிற தலைவரை எங்களுக்குத் தந்தருள வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

எழுதும்போது இதில் ஒரு கெடுதியும் தெரியவில்லை. வாசித்து முடித்த பிறகுதான், ஊரில் அப்படி நடந்து திரிகிற ஒரே ஆள் மாமி என்பது நினைவுக்கு வந்தது. கோயில் முழுவதும் மாமியைத் திரும்பிப் பார்த்தது. மாமி அடக்கமாக முக்காட்டை இழுத்துவிட்டார். அது இன்னும் மோசம். மரியநாயகம் அண்ணையின் கழுத்து சிவந்தது. மகளின் முதல் நன்மை என் கண்முன்னே கடலோடு போனது.

அவசரத்தில் கையில் இருந்த தாளை விட்டேன். வாயில் வந்ததைச் சேர்த்தேன். "கடலின் துன்பம் அறிந்த, படகுக்காரரின் கண்ணீர் அறிந்த தலைவரையும்…"

இப்போது கோயில் மற்றப் பக்கம் திரும்பியது. மரியநாயகம் அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமி முக்காட்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மீன் வெட்டும் கத்தி இருந்தது. கோயில் கதிரைகளுக்கு நடுவே இருந்த ஜெனிற்றா, போதும் இறங்குங்கோ என்று கையால் காட்டினாள்.

இறங்கியிருக்கலாம். ஆனால் என் மூளை அப்போது ஒரு பெரிய ஞானத்தைக் கண்டுபிடித்தது. இருவரில் ஒருவருக்கும் பொருந்தாத ஒன்றைச் சொல்லிவிட்டால் சரிசமமாகிவிடும் அல்லவா?

"பதவியைத் தேடி ஓடாத, தனக்கு வேண்டாம் என்று சொல்லுகிற தாழ்ச்சியுள்ள தலைவரை எங்களுக்குத் தந்தருள வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்!"

வரிசை வரிசையாக எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பின. வாசலோரம் தியோகு அண்ணை தூணுக்குப் பின்னால் மறைய முயன்றுகொண்டிருந்தார்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்று சனம் சொன்ன சத்தம் கடற்கரைவரை கேட்டிருக்கும். எல்லாரையும் விட மாமியின் குரல் உரத்துக் கேட்டது. பாதர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். செபித்தாரா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது.

வாக்களிப்பு நாளில் அந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பென்சிலோடு வெகுநேரம் நின்றேன். மாமிக்குப் போட்டால் ஞானத்தகப்பனுக்குத் துரோகம். அவருக்குப் போட்டால் மாமி முகத்தில் முழிக்க முடியாது. என்னுடைய ஒரு வாக்கு தியோகு அண்ணைக்குப் போனால் யாருக்கும் நட்டமில்லை, அவர் எப்படியும் வெல்லப்போவதில்லை என்று அவருடைய சின்னத்துக்கு எதிரே புள்ளடியைப் போட்டுவிட்டு நிம்மதியாக வந்தேன்.

தியோகு அண்ணை வென்றுவிட்டார்.

அந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். பாதி ஊருக்கு மாமி பெரியம்மா அல்லது ஞானத்தாய். மறுபாதிக்கு மரியநாயகம் அண்ணை சித்தப்பா அல்லது ஞானத்தகப்பன். என்னைப் போலவே எல்லோரும் தப்புவதற்கு ஒரு வழி தேடித் தவித்திருக்கிறார்கள். நான் போய் அந்த வழியை ஒலிவாங்கியில், அதுவும் திருச்சபையின் பெயரால், காட்டிக்கொடுத்திருக்கிறேன். மனச்சாட்சிப்படிதான் எல்லோரும் போட்டார்கள். ஆனால் அது மனச்சாட்சியா, சொந்தக்காரருக்குப் பயமா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான்.

முதல் நன்மை நாளன்று மாமியும் மரியநாயகம் அண்ணையும் பிள்ளையின் இரண்டு பக்கமும் சேர்ந்தே நின்றார்கள். இருவருக்கும் இப்போது ஒரே எதிரி. அது நான். பூசை முடிந்து வீட்டில் சாப்பிடும்போது மரியநாயகம் அண்ணை தொடங்கினார். "மாஸ்டர் மட்டும் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தால், அக்கா, நீங்கள் எண்டாலும் வெண்டு வந்திருப்பியள்."

மாமி கறிச்சட்டியைக் கீழே வைத்தார். "நான் எப்பிடி வாறது? என்ரை வோட்டையே நான் தியோகுவுக்கு எல்லே போட்டனான்."

எல்லோரும் சாப்பாட்டை விட்டுவிட்டு அவரைப் பார்த்தோம்.

"பின்னை என்ன? கேட்டருளும் எண்டு கோயிலிலை வாயாலை சொல்லிப்போட்டு, வெளியிலை வந்து மாத்திப் போடேலுமே? ஆண்டவர் என்ன நினைப்பார்?"

மரியநாயகம் அண்ணை கோழிக்காலை எடுத்துக்கொண்டு வெகு கவனமாகக் கடித்தார். அவருடைய மனைவி அவரையே பார்த்தார். "நீங்களுமே?" என்றார். அண்ணை இன்னும் கவனமாகக் கடித்தார்.

விருந்துக்கு வந்திருந்த தியோகு அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் அக்காவுக்கல்லோ போட்டனான்" என்றார்.

இப்போது வீதி விளக்கு எரியாவிட்டாலும், வாய்க்கால் அடைத்தாலும் சனம் அவரிடம்தான் போகிறது. அவர் இஞ்சினிலிருந்து தலையை எடுக்காமலே, "மாஸ்டரிட்டைப் போங்கோ, அவர்தான் என்னைக் கேட்டு வாங்கினவர்" என்று அனுப்பிவிடுகிறார். மாமிக்கு இதில் பரம சந்தோஷம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்ல என் முறை வரும்போதெல்லாம், நான் வாய் திறக்குமுன்பே அவர் கண்ணை மூடியபடி சொல்லுவார்:

"தம்பி, பேரைச் சொல்லியே கேளுங்கோ."